இளைத்த மாட்டின் மடி

துளசிமணியக்கா வாங்கிய பங்குகள் அவர் கணக்கில் வந்து ஏறிய வியாழக்கிழமை காலையில், காளப்பட்டி சாலையில் இருக்கும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரும்புக் கேட்டுக்கு முன்னால் மூன்று மாடுகள் வந்து நின்றன. ஒன்று வெள்ளை, பெரிய உருப்படி, மடி தரையைத் தொட்டுவிடும்போல் தொங்கியது. ஒன்று கறுப்பு, உடம்பெல்லாம் எண்ணெய் தடவிய பளபளப்பு. மூன்றாவது செவலை, கன்றுக்குட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரியது, மடி இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். காவலாளி மூன்றையும் வருகைப் பதிவேட்டில் எழுதினார், யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் நாலாம் மாடி துளசிமணி என்று போட்டார், கைபேசி எண் என்ற கட்டத்தைக் காலியாக விட்டார், அதற்காகச் சங்கச் செயலாளர் தர்மலிங்கத்திடம் திட்டும் வாங்கிக்கொண்டார். மாடுகள் ஒவ்வொன்றாக லிஃப்டில் ஏறி மேலே போயின. அக்காவுக்கு நேர் கீழே மூன்றாம் மாடியில் இருப்பவன் நான், மாதக்கணக்கில் என் தலைக்கு மேலே பன்னிரண்டு குளம்புகள் நடந்தன, அதைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

துளசிமணியக்கா முப்பது வருஷம் மாடு வைத்துப் பால் ஊற்றியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மாட்டைத்தான் கட்டிக்கொண்டேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மாட்டுக் கொட்டாய் இருந்த இடத்தை வீட்டுமனை போடுகிறவர்கள் வளைத்து வாங்கியபோது பன்னிரண்டு லட்சம் கைக்கு வந்தது, மாடுகள் சந்தைக்குப் போயின, அக்கா எங்கள் குடியிருப்பில் எட்டாயிரம் வாடகைக்கு வந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் தம்பி கந்தவேலுக்கு இது பிடிக்கவில்லை. அக்கா தன் வீட்டுக்கு வந்து சமையலறைக்குப் பக்கத்து அறையில் இருக்க வேண்டும், பன்னிரண்டு லட்சம் தன் கம்பெனியில் இருக்க வேண்டும் என்பது அவன் ஆசை, அதை அவன் பாசம் என்று சொன்னான்.

"ஒரு வருசம் பாருடா," என்று அக்கா சொன்னார், குடிவந்த அன்றைக்கு, எங்கள் எல்லோரையும் சாட்சி வைத்து. "சாப்பாட்டுக்கு மாவரைச்சு வித்துக்குவேன். வாடகைய இந்தப் பணம் கறந்து குடுக்கோணும். பன்னெண்டு மாசமும் கட்டீட்டன்னா அப்பறம் நீ வாயத் தொறக்கப்படாது."

"அசல்ல கை வெச்சு வாடகை கட்டுனாக் கணக்கில்லக்கா," என்றான் கந்தவேல். "ஒரு மாசம் தவறுனாலும் டெம்போ எடுத்துட்டு வந்துருவேன்."

வங்கியில் போட்டால் மாதம் ஆறரையாயிரம்தான் வரும் என்று தெரிந்ததும் அக்கா பேருந்து பிடித்து காந்திபுரத்தில் ஒரு பங்குத் தரகு அலுவலகத்துக்குப் போனார். அங்கே மேலாளர் அருள்ராஜ் ஒரு பட்டியலை எடுத்து நீட்டினார். எந்தக் கம்பெனி வருஷத்துக்குப் பங்கு விலையில் நூற்றுக்கு எவ்வளவு டிவிடெண்ட், அதாவது லாபப் பங்கு, தருகிறது என்று மேலிருந்து கீழாக அடுக்கியிருந்தது. உச்சியில் ஒரு காகித மில், நூற்றுக்குப் பதினாலு. அடுத்தது ஒரு வட்டிக் கம்பெனி, நூற்றுக்குப் பதினொன்று. கடைசி வரியில் ஒரு பல்பொடிக் கம்பெனி, நூற்றுக்கு இரண்டேகால்.

"பத்து வருசமா எப்படிக் குடுத்துட்டு வர்றாங்கன்னு இன்னொரு லிஸ்ட் இருக்குதுங்க, அதையும் பாத்துர்றீங்களா?" என்று கேட்டாராம் அருள்ராஜ்.

"அதெதுக்குங்க, நெறையக் கறக்கறதாக் குடுங்க," என்று சொல்லிவிட்டாராம் அக்கா.

இதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. மாடு வாங்குவதில் அக்காவை ஏமாற்ற இந்த ஜில்லாவில் ஆள் இல்லை. விற்கிறவன் இரண்டு வேளை கறக்காமல் மடியைக் கட்டிவைத்துச் சந்தைக்கு ஓட்டிவருவான் என்பது பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும் என்பதால், அக்கா சந்தையில் மாடே வாங்க மாட்டார். விற்கிறவன் வீட்டுக்கே போய், கண்ணெதிரில் மடியைக் காலி பண்ணச் சொல்லி, அங்கேயே ராத்திரி படுத்து, காலைக் கறவை பார்த்து, சாயங்காலக் கறவை பார்த்து, மறுநாள் காலைக் கறவையும் பார்த்த பிறகுதான் சுருக்குப் பையை அவிழ்ப்பார். அப்பேர்ப்பட்ட அக்கா குளிர்சாதன அறையில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்ததும் மடியை மட்டும் பார்த்து ஏழு லட்சத்துக்குக் காகித மில் வெள்ளையும் நாலரை லட்சத்துக்கு வட்டிக் கம்பெனிக் கறுப்பும், மிச்சம் ஐம்பதாயிரத்துக்கு அந்தப் பல்பொடிச் செவலையும் வாங்கிவிட்டார். ஏன் அக்கா என்று ஒருநாள் கேட்டேன். "பால்காரியாட்டக் கேள்வி கேக்கறான்னு நெனைப்பாங்களோன்னு கூச்சமாப் போச்சுங்க தம்பி," என்றார்.

மாடுகள் வந்ததை எங்கள் குடியிருப்பு எப்படி எடுத்துக்கொண்டது என்றால், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதுபோல் பொதுக்குழு கூட்டித்தான். மாடு விருந்தாளியா, குடித்தனக்காரரா, வாகனமா என்று இரண்டு மணி நேரம் பேசினார்கள். விருந்தாளி என்றால் மூன்று நாளைக்கு மேல் தங்கக் கூடாது, குடித்தனக்காரர் என்றால் ஆதார் நகல் வேண்டும், ஆகவே வாகனம் என்று தர்மலிங்கம் தீர்ப்புச் சொல்லி, மாட்டுக்கு மாதம் இருநூறு ரூபாய் நிறுத்துமிடக் கட்டணம் போட்டார். லிஃப்டில் ஒரு தடவைக்கு ஒரு மாடு, பள்ளிக்கூட நேரத்தில் மாடுகள் படியில் இறங்க வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். மாடுகள் தீவனம் எதுவும் கேட்கவில்லை. சாணி மட்டும் போட்டன, அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவை, வழுவழுத்த காகிதத்தில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் அச்சடித்த தடித்தடி ஆண்டறிக்கைப் புத்தகங்களாக. துப்புரவுக்கு வருகிற பெண் அதைப் பழைய பேப்பர் கடையில் போட்டுக் காசு வாங்கிக்கொண்டாள்.

இரண்டாம் மாதம் வெள்ளை மாடு முதல் தடவையாகக் கறந்தது. அக்கா குந்தி உட்கார்ந்து காம்பைத் தொட்டதுதான் தாமதம், பால் பீய்ச்சியடித்தது, குடம் நிறைந்து அண்டா நிறைந்து குளியலறை வாளியும் நிறைந்தது, கடைசிச் சொட்டு விழுந்தபோது அக்காவின் கைபேசி கிணுங் என்றது, வருஷத்துக்கு வர வேண்டியதில் பாதிக்குமேல், ஏழு மாத வாடகை, வங்கியில் ஏறியிருந்தது. பாலை அக்கா வீடுவீடாக ஊற்றினார். அன்றைக்குக் குடியிருப்பு முழுவதும் ஒரே காப்பி வாசனை. நாங்கள் காப்பியைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தோமா? துளசியக்கா தொட்ட மாடு தோற்குமா என்று சொல்லிக்கொண்டு பதினோரு வீட்டுக்காரர்கள் அதே காகித மில்லை வாங்கினோம். நான் வருங்கால வைப்பு நிதியில் வந்ததைப் போட்டு இரண்டு வாங்கினேன். ஒரு வாரத்தில் எங்கள் வாகன நிறுத்துமிடத்தில் நிற்க இடமில்லாமல் ஸ்கூட்டர்கள் தெருவுக்குப் போயின, வெள்ளை மாடுகள் வரிசையாக மடியைத் தொங்கவிட்டு நின்றன.

ஐந்தாம் மாதம் கறுப்பு மாடு கறந்தது. முதலில் பால் வந்தது, நடுவில் இளஞ்சிவப்பாக வந்தது, கடைசியில் ரத்தமாகவே வந்தது. கைபேசி கிணுங் என்றது, அரை வருஷத்துப் பால், மூன்று மாத வாடகை. அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வந்தார், நான் அருள்ராஜுக்குப் போன் போட்டேன்.

"அது லாபத்துலருந்து குடுக்கலைங்க சார்," என்றார் அவர், ரொம்பச் சாவகாசமாக. "கடன் வாங்கி டிவிடெண்ட் குடுத்துருக்காங்க. இப்பத்தான் நியூஸ் வந்துச்சு."

அக்கா வாளியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "சீக்கு மாட்டக் கறந்துருக்கறன் தம்பி," என்று அழுதார். அதற்குப் பிறகு அவர் அதன் காம்பைத் தொடவில்லை. கறுப்பு மாடு நாளுக்கு நாள் மெலிந்து, சுவரில் அடித்த நிழல்போல் தட்டையாகி, ஒரு திங்கட்கிழமை காலையில் முழுசாகத் தரையோடு படிந்து கிடந்தது. கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தது. நானும் தர்மலிங்கமும் அதைப் பாய்போல் சுருட்டிப் பரணில் போட்டோம். நாலரை லட்சம், கனமே இல்லை.

வெள்ளை மாடு மறுபடி கறக்கும் என்று எல்லோரும் காத்திருந்தோம். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பார்கள். அக்கா ஆடினார், பாடினார், தவிட்டுக் கஞ்சி வைத்தார், மாரியம்மனுக்குக் காசு முடிந்துவைத்தார். தர்மலிங்கம் தன் மாட்டுக்குச் சங்க விதிகளை உரக்கப் படித்துக் காட்டினார். ஒரு சொட்டு வரவில்லை. ஆனால் மடி மட்டும் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போவதுபோல் இருந்தது, தரகு அலுவலகத்துப் பட்டியலிலும் பதினாலு என்று இருந்தது பதினாறாகி, பத்தொன்பதாகி ஏறிக்கொண்டே போனது, பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் கேட்டுக்கு வெளியே நின்று பெருமூச்சு விட்டார்கள். இதற்கு நடுவில் செவலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, யாரும் ஆடாமல் பாடாமல், ஒரு டம்ளர் பால் கறந்தது. அந்த டம்ளரை நாங்கள் யாரும் மதிக்கவில்லை, அக்காவும்தான்.

எட்டாம் மாதம் ஒருநாள் அக்கா ஒரு கயிற்றைக் கொண்டுவந்து வெள்ளை மாட்டின் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து அளந்தார். வந்த அன்றைக்கு நெஞ்சுக்கு ஒன்று, மடிக்கு ஒன்று என்று அளந்து முடிச்சுப் போட்ட அதே கயிறு. நெஞ்சு முடிச்சுக்கு இந்தப் பக்கம் ஒன்றரை முழம் மிஞ்சியது. பிறகு மடியைச் சுற்றி அளந்தார், மடி முடிச்சு அப்படியே சரியாக நின்றது.

"மடி பெருக்கவே இல்லீங்க தம்பி," என்றார். "மாடு எளைச்சுருக்குது. மாடு எளைக்க எளைக்க மடி பெருசாத் தெரியுது, அவ்வளவுதானுங்க."

நான் கீழே ஓடிப்போய் என் மாடுகளைப் பார்த்தேன். விலாவை எண்ணலாம். ஆயிரம் ரூபாய் விலையில் நூற்று நாற்பது தருவது பதினாலு, அந்த விலையே பாதியாகிப்போனால் அதே நூற்று நாற்பது இருபத்தெட்டாகத் தெரியும், ஐந்தாம் வகுப்புக் கணக்கு, எனக்குத் தெரியாத கணக்கா? தெரிந்தே விழுந்தேன். அக்கா சும்மா விடவில்லை, சாணியைப் பார்த்தால் வயிறு தெரியும் என்று பழைய பேப்பர் கடைக்குப் போய் அந்தத் தடிப் புத்தகத்தைத் தேடி வாங்கிவந்து என் முன்னால் போட்டார். "எனக்கு இங்கிலீசு தெரியாது. படிங்க." நூற்றுப் பதினேழாம் பக்கத்தில், எறும்பு மாதிரி எழுத்தில் இருந்தது. மில்லுக்குச் சொந்தமான இடத்தை வீட்டுமனைக்கு விற்றதில் வந்த பணத்தை, அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும், பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள்.

அக்கா என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி மூடினார். "அப்ப அது பாலில்லீங்க," என்றார். "கொட்டாய வித்த காசு."

என் வீட்டம்மாவிடம் இதைச் சொன்ன நாளிலிருந்து அவள் என்னோடு நேராகப் பேசுவதில்லை, சுவரைப் பார்த்துத்தான் பேசுகிறாள். பதினோரு வீட்டுக்காரர்களும் துளசியக்காவால்தான் கெட்டோம் என்று பேசிக்கொண்டார்கள், ஓசிக் காப்பி குடித்த வாயால்.

பத்து மாத வாடகை அந்த இரண்டு கறவையில் போயிற்று. பதினோராம் மாதத்துக்குச் செவலையின் டம்ளர்களையும் மாவு விற்ற காசையும் ஒன்றுசேர்த்து, இரண்டு வேளை சாப்பாட்டை ஒருவேளை ஆக்கி, அக்கா எப்படியோ ஒப்பேற்றினார். பன்னிரண்டாம் மாதம் கையில் ஆயிரத்துச் சொச்சம்தான் இருந்தது. நான் தருகிறேன் என்றேன். "உங்க காசுல கட்டுனா அவன் வூட்டுக்குப் போறதும் ஒண்ணு, இங்க இருக்கறதும் ஒண்ணுங்க," என்று சொல்லிவிட்டார். ஐந்தாம் தேதி கெடு. நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கந்தவேல் டெம்போவோடு வந்து சேர்ந்தான், மடித்த அட்டைப் பெட்டிகளும் சணல் கயிறும் எடுத்துக்கொண்டு, நானும் அவன் பின்னாலேயே நாலாம் மாடிக்குப் போனேன்.

"என்னக்கா, மூட்டை கட்டீட்டியா?"

"நாளைக்குத்தான்டா அஞ்சு."

"இன்னைக்கென்ன நாளைக்கென்ன. ரூம்பெல்லாம் கூட்டி வெச்சுருக்குது, வா," என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவன், கூடத்தில் நின்ற வெள்ளை மாட்டைப் பார்த்தான். பார்த்தவன் அட்டைப் பெட்டியைக் கீழே வைத்தான். சுற்றி வந்தான், குனிந்தான், கைபேசியை எடுத்துத் தட்டினான்.

"இதா அந்தக் காயித மில்லு? இருவத்தெட்டு பர்சென்ட்டுன்னு போட்டிருக்குது. வெல பாதிக்கு வந்து நிக்குது. ஏக்கா, இந்த மாட்ட வெச்சுட்டா நீ வாடகைக்குத் தெணர்ற?"

"அது கறக்காதுடா," என்றார் அக்கா. "எளைச்ச மாடு. எலும்புந் தோலும், மடி மட்டுந்தான் பழையபடி. இந்தக் கீழ்வூட்டண்ணங்கிட்டக் கேளு, புஸ்தகத்தப் படிச்சே காட்டுனாரு."

நானும் சொன்னேன். நூற்றுப் பதினேழாம் பக்கத்தைக் கொண்டுவந்தே காட்டினேன். கந்தவேல் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"ஏனுங்கண்ணா, எங்கக்காவ எனக்குத் தெரியாதுங்களா? கெட்ட மாட்ட எவளாச்சும் கெட்ட மாடுன்னு சொல்லுவாளா? விக்க மனசில்லாதவதான் கொறை சொல்லுவா. நீ பேசாத இரு, அக்கா. இன்னைக்கு என்ன வெலையோ அந்த வெலை, இப்பவே போட்டு உட்டர்றேன். மாட்ட எம் பேருக்கு மாத்திக் குடு."

"வேண்டான்டா கந்து. நெசமாச் சொல்றேன், அது வத்துன மாடு."

"பாத்தீங்களா, பாத்தீங்களா," என்றான் அவன் என்னிடம். "எப்படி இழுக்கறா பாருங்க!"

அக்கா கடைசியாக ஒன்று சொன்னார். "அசல வித்து வாடகை கட்டுனாக் கணக்கில்லைன்னு நீதானடா சொன்ன."

"அதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொன்னதுக்கா. நாளைக்கு வாடகையக் கட்டு, பன்னெண்டு மாசம் ஆச்சுன்னு வெச்சுக்கலாம். இங்கியே சவுரியமா இருந்துக்க, நான் ஒண்ணுஞ் சொல்லல," என்றான் கந்தவேல், கண்ணை மடியிலிருந்து எடுக்காமல்.

அப்போது அக்காவின் முகத்தை நான் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம். ஜெயித்தவர் முகம் இல்லை அது. கைபேசியை எடுத்தார், அவன் சொன்ன இடத்திலெல்லாம் விரலை வைத்தார், கிணுங் என்றது, மாடு தலையைத் திருப்பிக் கந்தவேலை நக்கியது. அவன் அதைத் தடவிக் கொடுத்துக்கொண்டே லிஃப்டில் இறக்கி, டெம்போவில் ஏற்றி, அட்டைப் பெட்டிக்குக் கொண்டுவந்த சணல் கயிற்றால் கொம்பைக் கட்டி, வெயில் படாமல் தார்ப்பாய் இழுத்துவிட்டான். அக்காவுக்குப் போயிட்டு வர்றேன் என்றுகூடச் சொல்லவில்லை. மறந்துவிட்டான், பாவம், சந்தோஷத்தில்.

"என்னையக் கூட்டீட்டுப் போவோணும்னு வந்தவனுங்க தம்பி," என்றார் அக்கா பால்கனியில் நின்றுகொண்டு. டெம்போ முனை திரும்பும்வரை அங்கேயே நின்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே, வீட்டுச் சொந்தக்காரருக்காக வாடகை வாங்கும் தர்மலிங்கத்தை எழுப்பி வாடகையைக் கொடுத்து ரசீது வாங்கினார். அதற்கடுத்த நாள் என்னையும் இழுத்துக்கொண்டு காந்திபுரம் போனார், அருள்ராஜிடம் அந்த இன்னொரு பட்டியலைக் கேட்டார், பால்காரியாகவே கேட்டார், யார் கொடுத்தார்கள், எதிலிருந்து கொடுத்தார்கள், எந்த வருஷம் குறைத்தார்கள், கன்றுக்கு என்ன மிச்சம் வைத்தார்கள் என்று மூன்று நாள் அவர்கள் குளிர்சாதனத்தை நிறுத்தும்வரை கேட்டார். மூன்றாம் நாள் சாயங்காலம் மிச்சப் பணத்துக்கு நாலு சின்ன மாடுகள் வாங்கினார், எல்லாம் செவலை அளவுதான். அத்தனையும் சேர்ந்து கறந்தாலும் வாடகையில் ஒரு சின்னத் துண்டுதான் தேறும். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், பத்து வருஷம் பொறுத்தால் கால் வாடகை வரும் என்றார் அருள்ராஜ். பத்து வருஷத்துக்கு வாடகையை யார் கட்டுவார்கள் என்று நான் அவரிடம் கத்திவிட்டேன். அக்கா கத்தவில்லை. வழியில் இறங்கி இன்னொரு கிரைண்டருக்கு முன்பணம் கொடுத்தார்.

எட்டு நாள் கழித்துக் கந்தவேல் போன் பண்ணினான். அக்கா இரண்டு கிரைண்டருக்கும் நடுவில் நின்று மாவைத் தள்ளிக்கொண்டிருந்தார், கையெல்லாம் மாவு, ஸ்பீக்கரில் போடச் சொன்னார், தூக்குப் பாத்திரத்தோடு நின்ற நான்தான் போட்டுவிட்டேன்.

"அக்கா, மாடு கால உதைக்குது, ஒரு சொட்டுக் குடுக்க மாட்டேங்குது. எங்களுக்குக் கை பழகல. நீ ஒரு எட்டு வந்து கறந்து குடு. வர்றது வர்ற, அப்படியே ஒரு மாசம் இருந்துட்டுப் போ. அந்த ரூம்பு காலியாத்தான் கெடக்குது. கார் அனுப்பட்டுமா?"

கார் என்றான், டெம்போ என்று சொல்லவில்லை. அக்கா கிரைண்டரை நிறுத்தினார். கையை வழித்துப் பாத்திரத்தில் விட்டார், ஈரத் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அவர் போய்விடுவார் என்று எனக்குத் தோன்றியது. மாடு உதைக்கிறது என்று கேட்டால் அந்தக் கைகள் சும்மா இருக்காது.

"வர முடியாதுடா," என்றார் அக்கா. "எனக்கு இங்க வீடு இருக்குது."